பின்டயர் தரையைப் பிடிக்க: ஒரு ஃபாக்ஸ் மஸ்டாங்கில் சிக்கனமாகச் செய்த பின் சஸ்பென்ஷன் வேலை

60 அடிக்கு 2.28 விநாடி. கால் மைலுக்கு 14.31 விநாடி. கோட்டைக் கடந்தபோது வேகம் மணிக்கு 101 மைல். நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் பந்தயத் தளத்தில், நண்பர் நீட்டிய டைம் ஸ்லிப்பில் (ஓட்ட நேரங்கள் அச்சிட்ட சீட்டு) நான் முதலில் பார்த்தது இந்த மூன்று எண்களைத்தான். கடைசியில் 101 மைல் எட்டுகிற கார் சுமார் 13.5 விநாடியில் ஓடி முடித்திருக்க வேண்டும். கடக்கும் வேகம் எஞ்சினில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று காட்டும். எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அந்தப் பலம் தரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம். இங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லை. காணாமல்போன முக்கால் விநாடியின் பெரும்பகுதி முதல் 60 அடிக்குள்ளேயே, அதாவது 18 மீட்டருக்குள், டயர் சுழன்றே தீர்ந்திருந்தது.

கார் 1990-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எல்.எக்ஸ். 5.0 லிட்டர் வி8, டி5 என்ற ஐந்து கியர் மேனுவல், 8.8 அங்குல பின் ஆக்ஸில். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது 225 குதிரைத்திறன், சுமார் 407 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). இதில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் மாற்றியிருந்தார்கள், பின் கியர் 3.73. முந்தைய உரிமையாளர் அழகுக்காக நான்கு ஸ்பிரிங்கையும் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தார். 1979 முதல் 1993 வரை வந்த இந்த ஃபாக்ஸ் வகை மஸ்டாங்குகளின் பின்பக்கம் நான்கு ஆர்ம் அமைப்பு (ஆக்ஸிலைப் பாடியோடு இணைக்கும் தண்டுகள்தான் ஆர்ம்கள்): கீழே இரண்டு நீளமான ஆர்ம்கள், மேலே சாய்வாக வைத்த இரண்டு குட்டை ஆர்ம்கள், நடுவில் உறுதியான ஆக்ஸில்.

பட்ஜெட்டை முதலிலேயே வரையறுத்துக்கொண்டோம். பெட்டியோடு வரும் முழு டிராக் சஸ்பென்ஷன் கிட் ஒன்றுக்கு ஆகும் தொகையில் பாதிதான் எங்கள் கை இருப்பு. டயரும் அதற்குள்ளேயே வர வேண்டும். இன்னொரு நிபந்தனை, வார நாட்களில் அதே கார் வேலைக்கும் போகும்.

“கடன் வாங்கியாவது கிட்டையே போட்டுடலாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றார் நண்பர். அவர் அவசரம் புரிந்தது. ஆனால் ஆறு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகப் போடலாம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பார்க்கலாம், அடுத்து எதை வாங்குவது என்பதை டைம் ஸ்லிப்பும் வீடியோவும் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம்.

எடை எப்படிப் பின்னால் போகிறது

சஸ்பென்ஷன் மாற்றினால் எடை பின்னால் போகும், அதனால் பிடிப்பு வரும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. பின்னால் மாறும் எடையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காரின் முடுக்கம், எடை மையத்தின் உயரம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம். அந்தக் கணக்கில் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும் எங்கேயும் வராது.

ஓட்டுநரோடு சேர்த்துக் கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டோம். அதில் 43 சதவீதம், அதாவது 645 கிலோ, நிற்கும்போதே பின் சக்கரங்களில் இருக்கிறது. முன், பின் சக்கர இடைத்தூரம், அதாவது வீல்பேஸ், 255 செ.மீ. எடை மையத்தின் உயரத்தைத் தோராயமாக 53 செ.மீ. என்று எடுத்துக்கொண்டோம். 0.55 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) முடுக்கத்தில் பின்னால் போவது 171 கிலோ. 0.88 ஜி முடுக்கத்தில் 274 கிலோ. கூடுதல் முடுக்கம் கூடுதல் எடையைக் கொண்டுவருகிறது, அந்த எடை இன்னும் கூடுதல் முடுக்கத்துக்கு இடம் தருகிறது. இந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பது டயரும் தரையும் சேர்ந்து தரும் உராய்வு. அதே எண்களை வைத்துப் பார்த்தால், உராய்வுக் கெழு 1.0 என்றால் இந்தக் கார் அதிகபட்சம் 0.54 ஜி முடுக்கம் பெறும். 1.25 என்றால் 0.73. 1.45 என்றால் 0.89. கெழு 45 சதவீதம் ஏறும்போது முடுக்கம் 65 சதவீதம் ஏறுகிறது. செலவு செய்ய முதல் இடம் எது என்பதில் எனக்கு இதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கார்களைப் பார்த்து, முன்பக்கம் எழும்பினால்தான் பிடிப்பு வரும் என்று நினைப்பதும் இதே குழப்பம்தான். கிளம்பும்போது எடை மையம் 3 செ.மீ. உயர்ந்தால்கூட, 0.88 ஜி வேகமெடுப்பில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 15 கிலோ. பிடிப்பு வந்ததால்தான் முன்பக்கம் எழும்புகிறது.

அப்படியென்றால் சஸ்பென்ஷனுக்கு என்ன வேலை? இரண்டு வேலை. வந்து சேர்ந்த எடையை இடது டயருக்கும் வலது டயருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். அது எவ்வளவு வேகமாக வந்து இறங்குகிறது, இறங்கிய பிறகு நிலைத்து நிற்கிறதா என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். இந்தக் காரில் இரண்டும் கெட்டுப்போயிருந்தன.

செலவில்லாத நோய் கண்டறிதல்

ஒரு ரோல் வெள்ளை டேப்பும் விநாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனும்தான் எங்கள் கருவிகள். பின்டயரின் பக்கச் சுவரில் நான்கு இடத்தில் டேப் ஒட்டினோம். ரிம்மில் அவற்றுக்கு நேராக நான்கு. சக்கர வளைவின் உச்சியில் ஒன்று. ஆக்ஸில் உயரத்துக்கு போனைத் தரையில் வைத்து, ஒரு ஓட்டத்துக்கு வலப்பக்கம், அடுத்ததற்கு இடப்பக்கம் என்று எடுத்தோம்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது முதலில் தெரிந்தது, வலது பின்டயர் முதலில் சுழல ஆரம்பிக்கிறது. இடது டயர் பெரும்பாலும் பிடித்தபடியே இருக்கிறது. டயரைச் சூடேற்ற நின்றபடி சுழற்றிய, அதாவது பர்ன்அவுட் செய்த இடத்தில் வலப்பக்கம் ஒரு கறுத்த கோடு, இடப்பக்கம் மங்கலான ஒரு தடம். இதைப் பார்ப்பதற்கு வீடியோகூடத் தேவைப்பட்டிருக்காது, தரையைக் குனிந்து பார்த்திருந்தாலே போதும். இரண்டாவது, கார் கிளம்பும்போது பின்பக்கம் நன்றாக உட்காருகிறது, வலது மூலை இன்னும் அதிகமாக.

வலது டயர் மட்டும் ஏன் சுழல்கிறது? எஞ்சின் பலத்தைப் பின்னால் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட் ஆக்ஸிலை முறுக்கும்போது வலது சக்கரத்தைத் தூக்கவும் இடது சக்கரத்தைத் தரையில் அழுத்தவும் பார்க்கிறது. முதல் கியர் 3.35. 407-ஐ 3.35-ஆல் பெருக்கினால் ஷாஃப்டில் சுமார் 1,363 நியூட்டன் மீட்டர். பின் சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர். வகுத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 96 கிலோ: வலது டயர் அவ்வளவை இழக்கும், இடது டயர் அவ்வளவைப் பெறும். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் பாடியில்தான் மாட்டியிருக்கின்றன, அதனால் பாடி எதிர்த்திசையில் அதே அளவு முறுக்கப்படுகிறது. அந்த எதிர்முறுக்கத்தில் எவ்வளவு பின் ஸ்பிரிங்குகளின் வழியாகத் திரும்பி ஆக்ஸிலுக்கு வருகிறதோ அவ்வளவு இழப்பு ஈடாகிவிடும். முன் ஸ்பிரிங்குகளின் வழியாகப் போவது மட்டும் ஈடாகாது. காரின் சாய்வு எதிர்ப்பில் 60 சதவீதம் முன்பக்கம் இருந்தால் வலது டயருக்கு நிகர இழப்பு 58 கிலோ. அதை 40 சதவீதமாகக் குறைத்தால் 38 கிலோ. முன் ஆன்டி ரோல் பாரை (பாடி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கழற்றுவதும், பின்னால் கனமான பார் போடுவதும், வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைப்பதும் எல்லாம் இந்த ஒரே கணக்கின் வெவ்வேறு விடைகள். இதைப் புரிந்துகொண்ட பிறகு பாகங்களின் பட்டியல் அவ்வளவு மிரட்டவில்லை.

டிஃபரன்ஷியலும் டயரும்

ஒற்றைக் கோட்டுத் தடத்துக்கு எடைப் பங்கீடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. இந்த ஆக்ஸிலில் டிராக்‌ஷன்-லாக் என்ற லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் தேய்ந்துபோனால் அது சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரிதான் நடந்துகொள்ளும். திறந்து பார்த்தோம், தகடுகள் வழவழவென்று பளபளத்தன. புதிய தகடு செட், புதிய எண்ணெய், அதற்கான சேர்மானம். ஒரு பிற்பகல் வேலை. சஸ்பென்ஷன் வாங்கக் கிளம்பும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இதைச் சரிசெய்யாமல் எந்த ஆர்ம் போட்டாலும் பாதிப் பலன்தான்.

அடுத்து டயர். காரிலிருந்த 225/60 அளவுத் தெரு டயர்களுக்குப் பதில் 255/60 அளவில் டிராக் ரேடியல் (தெருவிலும் ஓட்டக்கூடிய டிராக் பந்தய டயர்), அதே 15 அங்குல ரிம்மில். ரிம் வாங்காததே பெரிய மிச்சம். வெட்டுக்கோடு இல்லாத பந்தய டயரான ஸ்லிக் பற்றியும் யோசித்தோம். ஸ்லிக்கின் பக்கச் சுவர் மடிந்து கொடுக்கும், அடியை வாங்கிக்கொள்ளும், சஸ்பென்ஷனில் உள்ள குறைகளை ஓரளவு மன்னிக்கும். ஆனால் தெருவில் ஓட்டுவது சட்டப்படி சரியில்லை, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும். டிராக் ரேடியல் அவ்வளவு மன்னிக்காது. ஒரு தடவை சுழல ஆரம்பித்தால் காலைத் தூக்காமல் மறுபடி பிடிக்கவைப்பது கஷ்டம். தெருக்காருக்கு அதுதான் பொருத்தம் என்பதால் அதன் குணத்துக்கேற்ப மற்றதை அமைக்க முடிவு செய்தோம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது டயரின் விட்டம் 25.6 அங்குலத்திலிருந்து 27 அங்குலமாகிவிட்டது. 3.73 கியர் இப்போது 3.53 மாதிரி நடந்துகொள்ளும். பிடிப்பில்லாமல் தவித்த காருக்கு அது கெடுதல் இல்லை.

காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, தடத்தைப் பார்த்துப் பார்த்து 17-க்கு இறக்கினோம். தடத்தின் நடு மட்டும் கறுத்திருந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் கறுத்திருந்தால் குறைவு. முழு அகலத்துக்கும் ஒரே கறுப்பாக வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டோம்.

அன்றைய சிறந்த 60 அடி 2.02. ஆனால் ஐந்து ஓட்டத்தில் இரண்டில் புதிய சிக்கல் வந்தது: டயர் பிடித்தது, உடனே பின்பக்கம் முழுவதும் தடதடவென்று துள்ளியது. நண்பர் காலைத் தூக்கிவிட்டார், நல்ல காலம். வீல் ஹாப் என்கிற இந்தத் துள்ளல் ஆக்ஸிலையும் டி5-ஐயும் ஒரே நாளில் உடைத்துவிடக்கூடியது. ஃபோர்டு நிறுவனமே 1980-களின் நடுவில் இதை அடக்கத்தான் ஆக்ஸிலுக்குப் பக்கவாட்டில் கிடையாக இரண்டு கூடுதல் ஷாக்குகளை இந்தக் கார்களில் சேர்த்தது. எங்கள் காரில் அவை ஓய்ந்துபோயிருந்தன.

ஆர்ம்கள், டார்க் பாக்ஸ், ஒரு தவறு

துள்ளலுக்குக் காரணம், இழுபட்டு விடுபடும் ரப்பர். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்ஸில் கூடு எதிர்த்திசையில் உருளப் பார்க்கிறது. மேல் ஆர்ம்கள் இழுபடுகின்றன, கீழ் ஆர்ம்கள் காரை முன்னால் தள்ளுகின்றன. கீழ் ஆர்ம்களின் தள்ளுவிசையிலிருந்து மேல் ஆர்ம்களின் இழுவிசையைக் கழித்தால் வருவதுதான் காரை நகர்த்தும் நிகர விசை. அதாவது கீழ் ஆர்ம்கள் காரை நகர்த்தும் விசையைவிட அதிகமான விசையைத் தாங்குகின்றன. தொழிற்சாலைக் கீழ் ஆர்மோ தகட்டை மடித்துச் செய்த, ஒரு பக்கம் திறந்த அமைப்பு. ஆர்மின் முனைகளில் 30 வருடம் பழைய ரப்பர் புஷ் (உறை) வேறு. டயர் பிடிக்காதவரை இந்தப் பலவீனம் வெளியே தெரியவில்லை.

திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்ட் செய்து பழைய ஆர்மையே பெட்டியாக்கலாம், அதுதான் மிகக் குறைந்த செலவு. வெல்டிங் சூட்டில் புஷ் போய்விடும் என்பதால் முதலில் கழற்றி, பிறகு புதிது அழுத்திப் போட வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், யாரோ கழற்றி விற்ற பெட்டி வடிவ ஆர்ம்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே அந்தப் பெட்டி வடிவ ஆர்ம்களை வாங்கிப் புது பாலியூரித்தேன் புஷ் போட்டோம். இந்தக் காரில் பின் காயில் ஸ்பிரிங் ஆக்ஸிலின் மேல் உட்காருவதில்லை, கீழ் ஆர்மின் மேல்தான் உட்காருகிறது. அதற்கான தட்டு இல்லாத ஆர்மை விலை மலிவு என்று வாங்கிவிட்டால் வேலைக்காகாது.

ஆர்மைக் கழற்றியபோது, வலது கீழ் ஆர்ம் பாடியில் மாட்டும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தது. டார்க் பாக்ஸ் என்று சொல்லும் அந்தத் தகட்டுப் பெட்டிதான் ஃபாக்ஸ் மஸ்டாங்கின் பெயர்பெற்ற பலவீனம். ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அடியை இனி நேராக இந்தத் தகடு வாங்கப்போகிறது. விரிசலை வெல்ட் செய்து, நான்கு பெட்டிகளுக்கும் வலுவூட்டும் தகடு வைத்த பிறகுதான் புது ஆர்ம்களை மாட்டினோம். இந்தச் செலவு டைம் ஸ்லிப்பில் ஒரு நூறில் ஒரு பங்கு விநாடியைக்கூடக் குறைக்காது. ஆனாலும் இதைத் தள்ளிப்போட்டிருந்தால் மற்ற எல்லாப் பணமும் கிழிந்த தகட்டின் மேல் போட்ட பணமாகியிருக்கும்.

அப்புறம் அந்தத் தவறு. கீழ் ஆர்ம் விற்றவரிடம் இரு முனையிலும் பாலியூரித்தேன் புஷ் உள்ள மேல் ஆர்ம் ஜோடியும் இருந்தது. சேர்த்து வாங்கினால் மலிவு என்றார், நான்தான் வாங்கலாம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இந்த அமைப்பில் மேல் ஆர்ம்கள் சாய்வாக இருப்பதற்குக் காரணம், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பதும் அவற்றின் வேலை என்பதுதான். பாடி சாயும்போது அந்த ஆர்ம்கள் புஷ்ஷுக்குள் முறுகித் திரும்பியாக வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காது. ஒரு மூலைக்குத் திரும்பினால் பின்பக்கம் முழுவதும் இறுகிக்கொண்டது. கிளம்பும்போது துள்ளல் இல்லை, ஆனால் ஒரு ஓட்டத்தில் கார் பக்கவாட்டில் ஒரு குதி குதித்தது. இறுகிய அந்த விசை மேல் டார்க் பாக்ஸுக்குத்தான் போகும். அன்றைக்கே கழற்றிவிட்டோம். தொழிற்சாலை மேல் ஆர்ம்களையே புது ரப்பர் புஷ்ஷோடு திரும்ப மாட்டி, ஆக்ஸில் கூட்டின் காதுகளில் உள்ள இரண்டு புஷ்களையும் மாற்றினோம். மலிவாக வாங்கிய ஜோடி இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது.

புது ரப்பர், ஓய்ந்துபோன கிடைமட்ட ஷாக்குகளுக்குப் பதில் நல்ல நிலையில் உள்ள இரண்டு. இவ்வளவும் முடிந்து ஓட்டியபோது 60 அடி 1.95. எண்ணைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, ஆறு ஓட்டமும் 1.95-க்கும் 1.99-க்கும் இடையில் வந்ததுதான். துள்ளல் ஒன்றில்கூட இல்லை.

ஸ்பிரிங், ஷாக், உயரம்

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேல் ஆர்மின் கோடும் கீழ் ஆர்மின் கோடும் முன்னால் நீட்டினால் ஓர் இடத்தில் சந்திக்கும். ஆக்ஸில் அந்தப் புள்ளியிலிருந்துதான் காரைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டன்ட் சென்டர் என்பது அதுதான். பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே எடை மையத்தின் உயரத்தில் உள்ள புள்ளிக்கு ஒரு கோடு வரைய வேண்டும். எங்கள் காருக்கு அது ஒரு மீட்டருக்கு சுமார் 21 செ.மீ. ஏறும் கோடு. சந்திக்கும் புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருந்தால் கார் பின்னால் உட்காரவும் செய்யாது, எழும்பவும் செய்யாது. கீழே இருந்தால் உட்காரும். மேலே இருந்தால் பின்பக்கம் எழும்பும், டயருக்கு முதல் அடி பலமாக விழும்.

தூக்குக்குண்டும் டேப்பும் வைத்துத் தரையில் அளந்தோம். தாழ்த்திய காரில் கீழ் ஆர்மின் முன்முனை பின்முனையைவிடத் தாழ்ந்திருந்தது, அதனால் சந்திக்கும் புள்ளியும் கோட்டுக்கு வெகுவாகக் கீழே. கார் ஏன் அப்படி உட்கார்ந்தது என்பதற்கு இதுதான் காரணம். ஆக்ஸில் பக்கம் ஆர்ம் மாட்டும் துளையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன, நல்ல தீர்வுதான். ஆனால் எங்களுக்கு அதைவிட மலிவான வழி இருந்தது: தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கியவர்கள் கழற்றிப்போட்ட தொழிற்சாலை ஸ்பிரிங்குகள். நான்கும் கிட்டத்தட்டச் சும்மா கிடைத்தன. உயரம் பழையபடி வந்தது, ஆர்மின் சாய்வும் சரியானது. நான்கு சிலிண்டர் மஸ்டாங்கின் மென்மையான முன் ஸ்பிரிங்கைப் போடுவது இந்தக் கார்களில் பழைய தந்திரம். தெருவில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும் என்பதால் நாங்கள் அதைத் தொடவில்லை.

ஷாக்கில்தான் டயருக்கு அடுத்த பெரிய செலவு. பின்னால், நீளும்போது தரும் எதிர்ப்பைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஒரு ஜோடி. முதல் நாள் தளர்வாக வைத்து ஓட்டினோம். டயர் கிளம்பும்போது நன்றாகப் பிடித்து, மூன்று மீட்டர் போனதும் சுழல ஆரம்பித்தது. வீடியோவில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. ஆக்ஸிலும் பாடியும் வேகமாக விலகி, ஷாக் முழுதாக நீண்டு முட்டியதும், அதுவரை டயரை அழுத்திக்கொண்டிருந்த விசை சட்டென்று விட்டுப்போகிறது. மூன்று க்ளிக் இறுக்கியதும் விலகல் மெதுவானது, அழுத்தம் நீடித்தது. ஒரு க்ளிக் கூடுதலாக இறுக்கினால் கிளம்பும்போதே சுழன்றது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் எங்கள் அமைப்பு. முன்பக்க ஸ்ட்ரட் (முன் ஷாக்) பழையதே. தேய்ந்து தளர்ந்திருந்ததால் எளிதாக நீண்டது, கிளம்புவதற்கு அதுவே வசதி. ஆனால் தேய்ந்த ஸ்ட்ரட்டோடு வேகமாகப் போய் பிரேக் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அடுத்து மாற்ற வேண்டியதில் அது முதலில் இருக்கிறது.

60 அடி 1.87.

கடைசி மூலை

மிச்சமிருந்தது வலது-இடது சமன். முன் ஆன்டி ரோல் பாரின் இணைப்புகளை ஓடுதளத்தில் மட்டும் கழற்றினோம், இதற்குச் செலவே இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் முன் கட்டாயம் திரும்ப மாட்ட வேண்டும். முன்பார் இல்லாத கார் வளைவில் பின்பக்கத்தை வீசிவிடும். கழற்றிய போல்ட்டுகளை நண்பர் கார்ச் சாவியோடு சேர்த்துக் கட்டிவைத்துவிடுவார், மறக்கவே முடியாது. இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன்.

வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப்பை. இதுவும் மிகப் பழைய, மிக மலிவான வைத்தியம். 5 பி.எஸ்.ஐ.யில் கார் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது, அதாவது இடது டயர்தான் இன்னும் அதிகம் தள்ளுகிறது. 10-இல் இடப்பக்கம் போனது. 7-இல் நேராகப் போனது, தரையில் இரண்டு கோடும் ஒரே கறுப்பு. 60 அடி 1.81, கால் மைல் 13.57, வேகம் 101 மைல். முன்டயர் ஒளிக்கற்றையை விட்டு விலகும் வரை கடிகாரம் தொடங்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சராசரி முடுக்கம் முன்பு 0.55 ஜி, இப்போது 0.88 ஜி. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

செலவை நூறு பங்காக வைத்தால்: டயர் 40, பின் ஷாக் 25, கீழ் ஆர்ம்களும் எல்லா புஷ்களும் கிடைமட்ட ஷாக்குகளும் 16, டார்க் பாக்ஸ் வேலை 9, டிஃபரன்ஷியல் தகடு 6, ஸ்பிரிங்கும் காற்றுப்பையும் சேர்த்து 4. என் பேச்சைக் கேட்டு வாங்கிய மேல் ஆர்ம் இந்தக் கணக்கில் இல்லை, அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஆக்ஸிலிலிருந்து பாடிக்குப் போகும் கனமான டிராக் ஆன்டி ரோல் பார், நான்கு பக்கமும் காயில்-ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றான அமைப்பு), ஆக்ஸில் உருளாமல் தடுக்கும் டார்க் ஆர்ம் எதையும் வாங்கவில்லை. இவற்றில் பார் ஒன்றைத்தான் எதிர்காலத்தில் வாங்கச் சொல்வேன், அதுவும் எஞ்சின் பலம் கூடினால். 96 கிலோ என்று போட்ட கணக்கு டார்க்கோடு நேராக ஏறும், காற்றுப்பை ஓரளவுக்கு மேல் ஈடுகொடுக்காது. லீஃப் ஸ்பிரிங் கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஆர்ம் பகுதி பொருந்தாது. அங்கே ஸ்பிரிங்கின் முன்பாதி எஸ் வடிவில் வளைவதுதான் துள்ளலுக்குக் காரணம், அதைத் தடுக்கும் பார்களில்தான் பணம் போக வேண்டும். டயர், டிஃபரன்ஷியல், ஷாக் என்ற வரிசை அங்கேயும் மாறாது.

டயர் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் கவலை வேறு இடத்துக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் டயர் சுழன்றதால் மற்ற பாகங்கள் தப்பித்துக்கொண்டிருந்தன. டி5 கியர்பாக்ஸ் இந்த மாதிரி அடிகளுக்கு வலுவானதல்ல, ஆகவே 3,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் கிளட்சை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். 8.8 ஆக்ஸிலில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைப் பிடித்திருப்பது ஒரு சி-கிளிப் மட்டும்தான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி 10.99 விநாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் கார்களுக்குத்தான் அதற்கு மாற்று ஏற்பாடு கேட்கிறது. டிரைவ்ஷாஃப்ட் லூப் (டிரைவ்ஷாஃப்ட் கழன்றால் தாங்கும் வளையம்) ஸ்லிக் போட்ட கார்களுக்கு 13.99-இலிருந்தே கட்டாயம், தெரு டயர் என்றால் 11.49 வரை விலக்கு உண்டு. எங்களுக்கு விலக்கு இருந்தும் லூப் ஒன்றைப் போட்டுவிட்டோம். டிரைவ்ஷாஃப்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்த பிறகு விதியைப் பார்க்கத் தோன்றவில்லை. 13.99-க்குக் கீழே வந்துவிட்டதால் ஹெல்மெட் எப்படியும் கட்டாயம்.

இப்போது ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் முன் நண்பர் காருக்கு அடியில் படுத்து நான்கு டார்க் பாக்ஸையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார், வெல்டின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று. பிறகு கீழ் ஆர்ம் போல்ட்டுகள், வீல் நட்டுகள், காற்றுப்பையின் அழுத்தம். போன தடவை அது 7-இலிருந்து 4-க்கு இறங்கியிருந்தது. வால்வில் சோப்பு நீர் தடவியதும் குமிழி வந்தது. வால்வை மாற்றினார், 7-க்கு ஏற்றினார், முதல் ஓட்டம் 1.82.